சாவில் முடிகிற நகைச்சுவை

அன்புள்ள ஆசிரியருக்கு,

'பைசைக்கிள் தீவ்ஸ்' தவிர பழைய இத்தாலியப் படம் எதுவும் நான் பார்த்ததில்லை. நீங்கள் அடிக்கடி சொல்வதால் டீனோ ரீசியின் 'இல் சொர்பாஸோ' (1962) பார்த்தேன். படம் முழுக்கச் சிரித்தேன். கடைசியில் அந்தக் கூச்ச சுபாவமுள்ள பையன் காரோடு பாறைச் சரிவில் விழுந்து சாகிறான். இதை எப்படி நகைச்சுவைப் படம் என்கிறார்கள்? ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது. அடுத்து எதைப் பார்க்கலாம்?

கே., திருநெல்வேலி

அன்புள்ள கே.,

ஏமாற்றவில்லை, முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் செய்கிறார்கள். அந்தக் கூச்சக்காரப் பையன் ரோபெர்த்தோவின் மாமா வீட்டுக் காட்சியை நினைத்துப் பாருங்கள். சிறுவயதிலிருந்து அவன் பொத்திவைத்திருக்கும் இடம் அது. அவனைக் காரில் கூட்டிவரும் புரூனோ உள்ளே நுழைந்த சில நிமிடங்களில், மாமா மகனின் முகம் பண்ணை மேலாளர் முகம் மாதிரி இருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறான். நாம் சிரிக்கிறோம், பையனுக்கு ஒரு குழந்தைப்பருவமே போய்விடுகிறது. படம் முழுக்க இதே கணக்குதான். ஹார்ன் அடித்து முந்திப்போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கடைசி வளைவு கிட்டே வருகிறது. விபத்துக்குப் பிறகு போலீஸ்காரர் பெயர் கேட்க, ரோபெர்த்தோ என்கிறான் புரூனோ. குடும்பப் பெயர் தெரியாது, நேற்றுக் காலையில்தான் பழக்கம். 1960களின் தொடக்கத்தில் இத்தாலியில் திடீரென்று காசு புழங்கிய காலத்தைப் பற்றி இதைவிடக் கடுமையாக யாரும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த வகை இத்தாலிய நகைச்சுவைக்கு வழி திறந்த மாரியோ மோனிச்செல்லியின் 'இ சோலித்தி இன்யோத்தி'யிலேயே (1958) சாவு உண்டு. கோசிமோ என்ற திருடன் அடகுக்கடையில் துப்பாக்கியை நீட்டி மிரட்டப் பார்க்கிறான். கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து அடகுக்கு விலை சொல்கிறார்! நம்மை வயிறு வலிக்கச் சிரிக்கவைத்த அதே ஆள், கொஞ்ச நேரத்தில் கைப்பை பறிக்கப் போய் டிராமில் அடிபட்டுச் சாகிறான். கூட்டாளிகள் ஒரு பெட்டகத்தைக் கொள்ளையடிக்க இரவெல்லாம் பாடுபட்டுத் தவறான சுவரை உடைத்து அடுப்படிக்குள் போய் நிற்கிறார்கள். பெட்டகம் கிடைக்கவில்லை, கொண்டைக்கடலை போட்ட பாஸ்தா இருக்கிறது. சரி, சாப்பிடலாம் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். 'பைசைக்கிள் தீவ்ஸி'ல் பார்த்த அதே பசிதான், அழாமல் காட்டுகிறார்கள்.

இந்தப் படங்களை எழுதியவர்கள் யார் என்று பார்த்தாலும் இது புரியும். ஆஜே, ஸ்கார்பெல்லி, எத்தோரே ஸ்கோலா எல்லோரும் 'மார்க் அவுரேலியோ' என்ற நகைச்சுவைப் பத்திரிகையில் பழகியவர்கள். கேலிச்சித்திரக்காரன் யாருக்கும் சலுகை காட்டமாட்டான், கதாநாயகனுக்கும் கூட.

பியேத்ரோ ஜெர்மியின் 'டிவோர்ட்சியோ அல்இத்தாலியானா' (1961) இன்னும் ஒரு படி மேல். அன்றைய இத்தாலியில் விவாகரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் மானத்துக்காக மனைவியைக் கொன்றால் தண்டனைச் சட்டம் 587ஆம் பிரிவின்படி மூன்று முதல் ஏழு வருடம்தான் சிறை. அதனால் கதாநாயகனாக வரும் மாஸ்ட்ரோயான்னி தன் மனைவிக்கு ஒரு கள்ளக்காதலனைத் தேடி அலைகிறார். விவாகரத்து 1970இல் வந்தது, 587ஆம் பிரிவு 1981 வரை இருந்தது. திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்த படம். (மாஸ்ட்ரோயான்னி வாயோரத்தைச் சுழித்து ஒரு சத்தம் எழுப்புவார், கவனியுங்கள். எனக்கு அந்த ஆஸ்கரில் பாதி அதற்குத்தான்.)

ஆனால் நீங்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது ரீசியின் இன்னொரு படம், 'ஊனா வீத்தா டிஃபிசிலே' (1961). 1946, முடியாட்சியா குடியரசா என்ற வாக்கெடுப்பின் முடிவு வரும் இரவு. பட்டினியில் கிடக்கும் குடியரசு ஆதரவாளராக நடிக்கும் அல்பெர்ட்டோ சோர்தியையும் அவர் மனைவியையும் அரச விசுவாசிகளான பிரபுக்கள் விருந்துக்கு அழைக்கிறார்கள். மேசையில் பதின்மூன்று பேர் உட்கார்ந்தால் அபசகுனம் என்பதுதான் காரணம். வானொலியில் குடியரசு வென்ற செய்தி வருகிறது. பிரபுக்கள் ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் அந்தப் பெரிய மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்தப் படத்தில் யாரும் சரிவில் விழுவதில்லை, கவலைப்படாதீர்கள். ஆங்கில டப்பிங் கிடைத்தாலும் தொடாதீர்கள். சோர்தியின் குரல் போனால் பாதிப் படம் போய்விடும்.

அன்புடன்.