வாடகை பாக்கி வைத்திருப்பவர் மீது வீட்டு உரிமையாளர் சட்டப்படி என்ன செய்யலாம்?

குடியிருப்பவர் மூன்று மாதமாக வாடகை தரவில்லை, கரண்டை நிறுத்திப் பூட்டுப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் 2017ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை உரிமையாளர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் குடியிருப்பவர், இந்தச் சட்டப்படி அரசு நியமித்த வாடகை அதிகாரியிடம் போவார். பணம் வர வேண்டிய நீங்கள்தான் அங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சட்டம் உங்களுக்குத் தரும் வழி வேறு. இரண்டு மாத வாடகை பாக்கியானால் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கலாம். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியையும் கட்டாவிட்டால், வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்கலாம்.

எங்கள் மாடி போர்ஷனிலும் இப்படி நடந்தது. மோட்டார் சுவிட்ச் கீழே எங்கள் வராந்தாவில்தான் இருக்கிறது. "ஆஃப் பண்ணி வைங்க, தானா பணம் வரும்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். மேலே சின்னக் குழந்தை இருக்கிறது, எப்படி மனசு வரும்? எந்தெந்த மாதம், எவ்வளவு பாக்கி என்று தனித்தனியாக எழுதி, வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. கெடு முடிவதற்குள் பணமும் வந்துவிட்டது. வராமல் போயிருந்தால் அந்த அட்டைதான் எங்களுக்குச் சாட்சி.

அப்புறம், 11 மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் போதும், பதிவு வேண்டாம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். இந்தச் சட்டத்தில் எத்தனை மாதமானாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வாடகைக் காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரண்டு மடங்கு வாடகை கேட்கும் உரிமையும் இதில் இருக்கிறது. காலி செய்யும்போது பாக்கியை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம். மீதியை ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

12 வருஷம் குடியிருந்தால் வீடு அவருக்கே போய்விடும் என்ற பயமும் உங்கள் கேள்வியில் தெரிகிறது. வாடகைக்கு வந்தவர் உங்கள் அனுமதியில் இருப்பவர். எத்தனை வருஷம் இருந்தாலும் அதனால் மட்டும் வீடு அவருடையதாகிவிடாது. ஆனால் அவர் வாடகைதாரர் என்பதற்கு ஆதாரம் வேண்டும், அதனால் வாடகையை வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள்.

எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் இந்த வாரமே நோட்டீஸ் அனுப்புங்கள். இல்லாவிட்டால், இதுவரை வாடகை வந்த வங்கிப் பதிவுகளோடு முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.