பிரவுசரை ஏன் மாற்ற வேண்டும்?

பிரவுசர் என்பது இணையதளங்களைத் திறந்து காட்டும் செயலி. கணினியில் அதை மாற்றச் சொல்ல எனக்கு முக்கியக் காரணம், வேவு. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் நீங்கள் எந்தக் கடையில் எதற்கு விலை கேட்டீர்கள் என்று ஒருவர் பின்னாலேயே வந்து குறித்துக்கொண்டால் சும்மா விடுவீர்களா? விளம்பர நிறுவனங்களின் குக்கீகள் (உங்களை அடையாளம் காண பிரவுசரில் சேமிக்கப்படும் சிறு குறிப்புகள்) தளத்துக்குத் தளம் அதைத்தான் செய்கின்றன. பலர் பயன்படுத்தும் குரோம் பிரவுசர் வேகமானதுதான், ஆனால் நாமாகத் தடுக்காவிட்டால் இவற்றை அனுமதிக்கிறது. ஃபயர்பாக்ஸ் என்ற இன்னொரு பிரவுசர் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனியாக அடைத்து வைக்கிறது. அதனால் ஒரு தளத்தில் பார்த்ததை இன்னொன்றோடு கோர்ப்பது கடினம். லாகின் வழக்கம்போல நடக்கும்.

மாற்றினால் புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் போய்விடும் என்று பலர் தயங்குகிறார்கள். போகாது, புதிய பிரவுசரிலேயே அவற்றை எடுத்துவரும் வசதி இருக்கிறது, பழையதும் அப்படியே இருக்கும்.