கண் சிவந்ததற்கு நெஞ்சு எக்ஸ்ரே எதற்கு?

கேள்வி இது: தேவகோட்டையில் இருக்கும் அப்பாவுக்குத் திரும்பத் திரும்பக் கண் சிவந்து, வெளிச்சம் கூசுகிறது. டாக்டர் ‘யுவைடிஸ்’ என்று சொல்லி நெஞ்சு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எழுதித் தந்திருக்கிறார். பணம் பிடுங்கும் வேலையா?

இல்லை. காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். காரணத்தைத் தேடாமல் சொட்டு மருந்து மட்டும் எழுதியிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

மெட்ராஸ் ஐ மேலோடு வருவது. பீளை தள்ளும், கொஞ்ச நாளில் தானே அடங்கும். யுவைடிஸ் கண்ணுக்குள்ளேயே வரும் அழற்சி. விட்டால் பார்வையே போகும். நம் மாதிரி நாடுகளில் இதற்குப் பின்னால் கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். முதல் சந்தேகம் காசநோய். இருமல், சளி எதுவும் இல்லாமலே கண்ணில் தலைகாட்டும், எக்ஸ்ரே அதற்குத்தான்.

அடுத்தது எலிக்காய்ச்சல். 1993 கடைசியில் பெய்த பெருமழை வெள்ளத்துக்குப் பிறகு, 1994இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு யுவைடிஸ் நோயாளிகள் கொத்தாக வந்தார்கள். எலி, மாட்டு மூத்திரம் கலந்த தண்ணீர்தான் வழி என்று தெரிந்தது. காய்ச்சல் வந்து போய் மாதக்கணக்கில் கழித்தும் கண்ணில் வரும் என்பதால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை.

அப்பாவுக்குத் தொடர்பில்லைதான், ஆனாலும் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதையும் கேளுங்கள். தென்னிந்தியக் கிராமங்களில் குளத்தில் குளித்த பிள்ளைகளுக்குக் கண்ணுக்குள் வெள்ளையாகக் கட்டி வருவதை அதே மருத்துவமனை டாக்டர்கள் கவனித்தார்கள். நத்தையிலிருந்து தண்ணீருக்கு வரும் ஒரு தட்டைப்புழு இனத்தின் மரபணு அந்தக் கட்டிகளில் இருந்ததை 2016இல் வெளியிட்டார்கள். மீன் தின்னும் பறவைகளிடம் இருக்க வேண்டிய புழு அது! நம் ஊர்களில் குடிதண்ணீர் ஊரணியில் கால் நனைக்கவே விடமாட்டார்கள். பிள்ளைகள் குதித்து விளையாடுவதெல்லாம் குளிக்கிற ஊரணியில்தான். அதற்காகப் பதறவே வேண்டாம், கண் சிவந்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

“அண்ணே, போன தடவை குடுத்த அதே சொட்டு மருந்து” என்று கடைக்கு வருகிறவர்களிடம் எனக்குத் தினமும் சண்டை. அதில் ஸ்டீராய்டு இருக்கும். யுவைடிஸுக்கு அது தேவைதான், டாக்டர் பார்வையில். கருவிழியில் அக்கி வைரஸ் இருக்கும்போது போட்டால் புண் பெரிதாகும். நாள்பட இஷ்டத்துக்குப் போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும்.

எக்ஸ்ரேயை முடித்துவிடுங்கள். மாடு உண்டா, வயலில் இறங்குவீர்களா, பூனை வளர்க்கிறீர்களா என்றெல்லாம் டாக்டர் கேட்பார். அப்பாவைச் சலிக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.