ஹியூகோவிலிருந்து இபப், பிடிஎஃப் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஹியூகோ என்னும் தளம் கட்டும் மென்பொருளில் இயங்கும் என் கட்டுரைத் தளத்தை இபப்பாகவும் (மின்னூல் வடிவம்) பிடிஎஃப்பாகவும் தர நினைத்து, கட்டுரைகளின் மூலமான மார்க்டவுன் கோப்புகளை நேராக, கோப்பு வடிவங்களை மாற்றித் தரும் பாண்டாக்கிடம் கொடுத்தேன். ஷார்ட்கோடுகள் (கட்டுரைக்குள் எழுதும் ஹியூகோவின் சுருக்கக் குறிகள்) அடைப்புக்குறியோடு அப்படியே வருகின்றன. படங்களைக் காணோம். ஸீலேடெக் (XeLaTeX) என்ற அச்சுக்கோப்பு நிரல் வழியாக வந்த பிடிஎஃப்பில் 'பெண்' என்ற சொல்லின் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. எங்கே தப்பு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஷார்ட்கோடு ஹியூகோவுக்கு மட்டுமே புரியும். அதை நீக்க ஸ்கிரிப்ட் எழுதுவோர் உண்டு. புது ஷார்ட்கோடு வரும்போதெல்லாம் அதையும் திருத்த வேண்டும், வீண் வேலை. ஷார்ட்கோடுகளை ஹியூகோவே விரித்துத் தரும் எச்டிஎம்எல்லை (வலைப்பக்கக் கோப்பை) பாண்டாக்கிடம் கொடுங்கள்.

தளத்தின் அமைப்புகள் உள்ள கான்ஃபிக் கோப்பின் அவுட்புட்ஃபார்மட்ஸில் (outputFormats) 'நூல்' என்றொரு வடிவம் சேருங்கள் (பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்). மீடியாடைப் டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் (text/html). கோப்பின் பெயரைச் சொல்லும் பேஸ்நேமும் (baseName) 'நூல்' என்றே இருக்க வேண்டும். விட்டுவிட்டால் இண்டெக்ஸ் என்ற பெயரில் எழுதப்பட்டு வழக்கமான பக்கத்தோடு மோதும். பிறகு, எதற்கு எந்த வடிவங்கள் என்று சொல்லும் அவுட்புட்ஸில் (outputs) பேஜுக்கு எச்டிஎம்எல், நூல் இரண்டையும் எழுதுங்கள். அங்கே எழுதுவது இயல்பான பட்டியலோடு சேராது, அதைத் தூக்கிவிட்டு உட்காரும். 'நூல்' மட்டும் எழுதினால் தளத்தில் கட்டுரைப் பக்கமே இராது.

இந்த வடிவத்தின் பக்க அமைப்பைச் சொல்லும் டெம்ப்ளேட்டின் பெயர் சிங்கிள்.நூல்.எச்டிஎம்எல். தலைப்பு எச்1 (முதல்நிலைத் தலைப்பு), அடியில் கட்டுரை, அவ்வளவுதான், மெனு வேண்டாம். எச்1ஐப் பார்த்துத்தான் பாண்டாக் இபப்பில் அத்தியாயம் பிரிக்கும், ஆகவே உட்தலைப்புகள் எச்2விலிருந்து தொடங்கட்டும்.

படங்கள் காணாமல் போவது முகவரியின் முதல் சாய்கோட்டால். தளத்தில் அது தளத்தின் வேர், அதாவது மேல்மட்ட ஃபோல்டர். பாண்டாக்குக்கோ உங்கள் கணினியின் வேர். டெம்ப்ளேட்டில் ரீப்ளேஸ் என்ற கட்டளை கொண்டு அந்தக் கோட்டை எடுத்துவிட்டு, ஹியூகோ தளத்தை எழுதிவைக்கும் பப்ளிக் ஃபோல்டருக்குள் நின்று பாண்டாக்கை ஓட்டுங்கள். ரீப்ளேஸ் தருவது வெறும் சரம்; பின்னாலேயே சேஃப்எச்டிஎம்எல் போடாவிட்டால் குறிச்சொற்களெல்லாம் எழுத்தாகவே அச்சாகும்.

பல கட்டுரைகளைச் சேர்த்து ஒரே நூலாக்கும்போது பாண்டாக்குக்கு ஃபைல்-ஸ்கோப் (--file-scope) கொடுங்கள். ஒவ்வொரு கட்டுரையிலும் முதல் அடிக்குறிப்பின் அடையாளம் ஒன்றே என்பதால், அது இல்லாவிட்டால் ஏழாம் கட்டுரையின் அடிக்குறிப்பைத் தட்டினால் முதல் கட்டுரைக்குப் போய்விடும். கோப்புகளின் வரிசையையும் நீங்களே எழுதுங்கள்; நட்சத்திரக் குறி போட்டால் ஷெல் (கட்டளைச் சாளரம்) அகரவரிசையில் அடுக்கும்.

கொம்புக்கு வருவோம். எழுத்துரு சரிதான், இது தமிழ் எழுத்துமுறை என்று யாரும் ஸீலேடெக்கிடம் சொல்லவில்லை. பாண்டாக்குக்கு மெயின்ஃபாண்ட் (எழுத்துரு) நோட்டோ செரிஃப் தமிழ் என்பதோடு, மெயின்ஃபாண்ட்ஆப்ஷன்ஸில் (mainfontoptions) ஸ்கிரிப்ட்=தமிழ் (Script=Tamil) என்று கொடுங்கள், கொம்பு முன்னால் வந்துவிடும். ஸீலேடெக்குக்குப் பதில் லுவாலேடெக் என்றால் ரெண்டரர்=ஹார்ஃப்பஸ் (Renderer=HarfBuzz) என்பதும் வேண்டும்.