பள்ளியும் பட்டறையும்: கேட்டவர்களுக்குப் பதில்

கோவை அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஜெனரல் மெஷினிஸ்ட் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற தொழிற்கல்வி ஆசிரியன் நான். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு உள்ளூர்த் தொழில்களை எப்படிக் காட்டுவது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

அன்னூர்ப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை: சுற்றிலும் பம்ப் கம்பெனி, இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரி இருந்தும் ஒருவரையும் தெரியாது. நேரில் போனால் வாட்ச்மேனோடு பேசிவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. எங்கே தொடங்குவது?

கேட்டில் தொடங்காதீர்கள் டீச்சர், பெற்றோரிடம் தொடங்குங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு நோட்டைச் சுற்றுக்கு விட்டு, யார் எங்கே என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். ஒரு சூப்பர்வைசரோ ஸ்டோர் கீப்பரோ கட்டாயம் இருப்பார். முதலாளியிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் நேராக உள்ளே போய் உட்காரலாம். அது முடியாவிட்டால் 1969லிருந்து இருக்கும் கொடிசியா போன்ற சிறுதொழில் சங்கங்கள், அப்புறம் மாவட்டத் தொழில் மையம்.

பெரிய கம்பெனியைவிட ஐந்தாறு பேரோடு, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறை நல்லது. பெரிய இடத்தில் ஹாலில் உட்கார வைத்துப் படம் போட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சின்னப் பட்டறையில் முதலாளியே லேத்தில் (கடைசல் மெஷினில்) நிற்பார், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார்.

அவருக்கு இரண்டு பயம் உண்டு. ஒன்று, பிள்ளைக்கு அடிபட்டால் என்ன செய்வது. இன்னொன்று, பள்ளிச் சீருடையில் பசங்க உள்ளே நிற்பதைப் பார்த்துவிட்டு யாராவது புகார் கொடுத்தால் என்ன ஆவது. இரண்டுக்கும் மருந்து, முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.) அனுமதியோடு தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கக் கடிதம். எத்தனை பேர் (பதினைந்துக்கு மேல் வேண்டாம்), எந்த நாள், எவ்வளவு நேரம், கூட வரும் ஆசிரியர் யார், எல்லாம் அதில் இருக்கட்டும். மாணவர் யாரும் உற்பத்தியில் கை வைக்க மாட்டார்கள் என்ற வரியும் கட்டாயம் இருக்கட்டும்.

மாதக் கடைசியில் போகாதீர்கள், டெஸ்பாட்ச் நெருக்கடியில் யாருக்கும் பேச நேரமிருக்காது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள்கள்தான் தோது. மெஷினை நிறுத்தி, கியர் பாக்ஸ் மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவார்கள். மற்ற நாளில் இரும்பு உறைக்குள் மறைந்திருக்கும் பல் சக்கரங்களைப் பிள்ளைகள் அன்றைக்குக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம்.

இயற்பியல் ஆசிரியர், பொள்ளாச்சி: பாடத்தோடு சேர்க்க முடியுமா? வேடிக்கை பார்த்துவிட்டு வருவதாகத்தான் முடிகிறது.

தாராளமாக முடியும் சார். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே அளவீடு. பள்ளி வெர்னியரில் 0.1 மி.மீ. வரை பார்க்கலாம். பட்டறை வெர்னியர் 0.02 மி.மீ. காட்டும், மைக்ரோமீட்டர் 0.01 மி.மீ. காட்டும். ஒரே புஷ்ஷை இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்து மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். இருவருக்கும் ஒரே அளவு வராது. ஒருத்தி இறுக்கித் திருகியிருப்பாள், ஒருவன் தளர்த்தி விட்டிருப்பான். அப்போது குவாலிட்டியில் இருப்பவர் நுனியிலுள்ள ராட்செட்டைப் பிடித்து, டிக் டிக் என்று சத்தம் வரும்வரை திருகிக் காட்டட்டும். எல்லார் கையும் ஒரே அழுத்தம் கொடுக்கத்தான் அந்தச் சின்ன உறுப்பு இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு அந்த இடத்திலேயே விளங்கும்.

அடுத்து பேட்டர்ன் கடைக்குக் கூட்டிப் போங்கள். மண்ணில் அச்சு எடுக்க உதவும் மாதிரிதான் பேட்டர்ன். உருக்கி ஊற்றிய வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் சுருங்கும். அதனால் 300 மி.மீ. வேண்டிய உறைக்குப் பேட்டர்னை 303க்குச் செய்வார்கள். அதற்கென்றே சற்று நீட்டி அளவு போட்ட தனி ஸ்கேல் வைத்திருப்பார்கள். சாதாரண ஸ்கேலையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றால் போதும், சதவீதக் கணக்கை நீங்கள் தனியாக நடத்த வேண்டியதில்லை.

போகுமுன் தாவணி, துப்பட்டா, வளையல், தொங்கும் ஐ.டி. கார்டு எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், சடையை மடித்துக் கட்டச் சொல்லுங்கள். லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுழலும் சக்கில் நூல் மாட்டினால் ஆளையே இழுத்துவிடும்.

ஒரு தந்தை: பத்தாவது முடித்த பையனுக்கு ஐ.டி.ஐ.யா, டிப்ளமோவா?

ஐ.டி.ஐ.யில் பிட்டர், டர்னர் இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். டிப்ளமோ மூன்று வருடம். இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழியுண்டு, டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். எதில் நுழைந்தாலும் மேலே ஏறப் படி இருக்கிறது. முதலில் அவனை இரண்டு இடத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள், பிறகு அவனையே கேளுங்கள்.

பிளஸ் ஒன் மாணவி: எந்த கோர்ஸ் எடுத்தால் உடனே வேலை கிடைக்கும் சார்?

கண்ணு, அப்படி ஒரு கோர்ஸை யார் சொன்னாலும் நம்பாதே. வேலை பார்க்கிற மூன்று பேரிடம் போய், காலையில் எத்தனை மணிக்கு வந்தீர்கள், இன்று எதற்காகத் திட்டு வாங்கினீர்கள், முதல் சம்பளம் எவ்வளவு என்று கேள். அதில் எந்த நாள் உனக்குத் தாங்கும் என்று தோன்றுகிறதோ அங்கிருந்து யோசி.

திருப்பூர், பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் அம்மா: பொண்ணு பிளஸ் டூ. கம்பெனியைக் காட்டலாம் என்றால், இங்கே தையலைத் தவிர என்ன இருக்கிறது?

அம்மா, நீங்கள் உட்காரும் மேஜைக்கு ஒரு பீஸ் வருவதற்கு முன்னால் எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், ஓவர்லாக், காஜா பட்டன், அயர்ன், பேக்கிங். இதற்கு மேல் பையரோடு பேசும் மெர்ச்சண்டைசர், கம்ப்யூட்டரில் அளவு போடும் பேட்டர்ன் ஆள், துவைத்தால் சாயம் போகிறதா என்று பார்க்கும் லேப், ஏற்றுமதிக் காகிதம் பார்க்கும் ஷிப்பிங் ஆள். உங்கள் பெண் இத்தனை வருடம் கேள்விப்பட்டது உங்கள் மேஜையை மட்டும்தான்.

கெமிஸ்ட்ரி பிடிக்கும் என்றால் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். நொய்யல் நாசமானதால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையில்தான் தொழில் நடக்கிறது. தண்ணீரைச் சுத்தம் செய்து, உப்பைப் பிரித்து, இரண்டையும் திரும்பச் சாயத்துக்கே கொடுக்கிறார்கள். சவ்வூடு பரவலைப் புத்தகத்தில் மட்டும் படித்த பிள்ளைக்கு அது பெரிய காட்சி.

ஒன்று மட்டும் கவனம். பயிற்சி, தங்குமிடம், மூன்று வருட முடிவில் மொத்தமாகப் பணம் என்று ஏஜென்ட் யாராவது வீடு தேடி வந்தால் கதவைச் சாத்துங்கள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நூற்பாலைகளில் எத்தனை பெண் பிள்ளைகளின் படிப்பு அப்படிப் போயிற்று என்று இந்தப் பக்கத்து ஊர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

ஒரு வாசகர்: நேராகவே கேட்கிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பட்டறைக்குக் கூட்டிப் போவது குலக்கல்வியின் புது வடிவம்தானே? 18 வயதிலேயே அப்பன் தொழிலா என்று கேட்டு, கைத்தொழில் செய்பவருக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை எதிர்த்த மாநிலம் இது.

கேட்க வேண்டிய கேள்வி. 1953ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அரைநாள்தான் பள்ளி. மீதி நேரம் வீட்டில் அப்பா செய்யும் தொழில். எதிர்ப்பு கிளம்பி, 1954ல் அவர் பதவி விலகி, காமராஜர் வந்து அதை எடுத்தார். என் அப்பா செருப்புத் தைத்தவர். நான் பள்ளிக்குப் போனது அந்தத் திட்டம் போன பிறகு. முழுநாள் பள்ளி இல்லாவிட்டால் நான் இந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டேன். அதனால் இதை லேசாகப் பேச மாட்டேன்.

அந்தத் திட்டம் பிள்ளையைப் பிறந்த தொழிலுக்குள் வைத்தது. நான் சொல்வது பிறந்த தொழிலுக்கு வெளியே கூட்டிப் போவது. பவுண்டரித் தொழிலாளி பிள்ளையைப் பவுண்டரிக்கு அனுப்பாதீர்கள், அது அவனுக்கு வீட்டிலேயே தெரியும். அவனை மண் பரிசோதனைக் கூடத்துக்கோ டிசைன் அலுவலகத்துக்கோ ஆடிட்டர் ஆபீஸுக்கோ அனுப்புங்கள். ஆசிரியர் பிள்ளையைப் பவுண்டரிக்கு அனுப்புங்கள். எங்கே போனாலும் கீழ்த்தளத்தோடு நிற்காமல், மாடியில் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவர் என்ன படித்தார், முதலாளி முதல் கடனை எப்படி வாங்கினார் என்பது வரை பிள்ளை கேட்க வேண்டும்.

அதே வாசகர்: நோக்கம் சரி. ஆனால் பெரிய தனியார் பள்ளிப் பிள்ளையை யாரும் லேத் பட்டறைக்குக் கூட்டிப் போவதில்லை. வழிகாட்டல் என்றாலே ஏழைப் பிள்ளைக்குத்தானா?

நூறு சதவீதம் உண்மை, எனக்கும் அதில் கோபம் உண்டு. 1978ல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் மார்க் குறைந்தவனை அனுப்பும் பிரிவாக அதை ஆக்கிவிட்டார்கள். என் வகுப்புக்கு வந்த பிள்ளைகளிடம் அந்தத் தாழ்வு மனதைக் களையவே முதல் பருவம் போய்விடும். அதனால்தான் அரசுப் பள்ளியும் பக்கத்து மெட்ரிக் பள்ளியும் சேர்ந்தே ஒரே வேனில் போகட்டும் என்கிறேன். மறுக்கும் தாளாளரிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர்: இங்கே ஆளே கிடைக்காமல் வடமாநிலத் தம்பிகளை வைத்து ஓட்டுகிறோம். உள்ளூர்ப் பசங்களைச் சின்ன வயதிலேயே பழக்கினால் என்ன தப்பு?

தப்புதான். உங்கள் ஆள் பற்றாக்குறையைத் தீர்ப்பது பள்ளிக்கூடத்தின் வேலை இல்லை. சம்பளம், பி.எப்., ஒழுங்கான கழிப்பறை, புகை போக வழி, இவற்றைச் சரிசெய்தால் ஆள் வரும். வடமாநிலத் தம்பிக்கும் அது சேர வேண்டியதுதான். வந்து பார்த்த பிள்ளை "இந்த வேலை எனக்கு வேண்டாம்" என்று சொல்லிப் போனாலும் அந்தப் பயணம் வெற்றிதான். அதை ஏற்றுக்கொள்ள முடிந்தால் மட்டும் கேட்டைத் திறந்துவிடுங்கள்.

ஒரு மாமா: அக்கா பையனுக்கு 15 வயது. லீவில் தெரிந்த லேத் பட்டறையில் விட்டால் தொழில் கற்றுக்கொள்வானே?

கூடாது. குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது, 14 முதல் 18 வரை ஆபத்தான வேலை கூடாது என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் சொல்கிறது. ஓடும் மெஷினை இளம் வயதினர் துடைக்கவோ எண்ணெய் போடவோ கூடாது என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. "கற்றுக்கொள்" என்று விடும் பையனுக்கு முதல் நாள் கொடுக்கும் வேலை அதுதான். பள்ளி முடித்த பிறகு முறையாக, 1961 தொழிற்பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் போட்டு, உதவித்தொகை வாங்கிக்கொண்டு அப்ரண்டிஸாகச் சேரட்டும். பள்ளி நாளில் பார்க்கலாம், கேட்கலாம், அளக்கலாம். உற்பத்தியில் கை வைக்கக் கூடாது.

ஏ.ஐ. வந்த பிறகு எந்த கோர்ஸ்? / எந்த கோர்ஸுக்கு ஸ்கோப்? / பையனுக்கு எந்த கோர்ஸ் நல்லது?

மூன்று பேரும் மேலே பிளஸ் ஒன் மாணவிக்குச் சொன்னதைப் படியுங்கள். வேறு பதில் என்னிடம் இல்லை.

நீட் கட்-ஆப் இந்த வருடம் எவ்வளவு இருக்கும்?

என் துறை இல்லை. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417க்கு அழையுங்கள்.

தலைமை ஆசிரியர், உடுமலை: நான் முதல்வன் திட்டம்தான் 2022லிருந்து இருக்கிறதே, பள்ளி தனியாக ஏன் செய்ய வேண்டும்?

அதில் பாட வேளையும் கல்லூரிக் களப்பயணமும் இருக்கின்றன, விடாமல் பயன்படுத்துங்கள் சார். ஆனால் உங்கள் ஊர்க் காற்றாலையில் கோபுரம் ஏறிப் பழுது பார்ப்பவர் எந்தக் கையேட்டிலும் வர மாட்டார். அவரை நீங்கள்தான் பள்ளிக்குக் கூப்பிட வேண்டும்.

அரசூரில் பவுண்டரி நடத்தும் பெண்: பிள்ளைகள் வந்தால் என்ன பேச வேண்டும்?

கம்பெனி வரலாறு வேண்டாம் அம்மா. பர்னஸிலிருந்து தள்ளி, கண்ணாடி போட்டு நிற்க வைத்து ஒரு ஊற்றல் காட்டுங்கள். அப்புறம் ஓட்டை விழுந்து ரிஜெக்ட் ஆன நான்கு வார்ப்படத்தை மேஜையில் வைத்து, ஏன் கெட்டது என்று அவர்களையே கேளுங்கள். மண்ணில் ஈரம் கூடியதா, காற்றுப் போக வழி இல்லையா என்று சண்டை போட்டுக்கொள்வார்கள். கடைசி அரை மணி நேரம், உங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒருவரைச் சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகளோடு பேச விடுங்கள். நீங்களும் அங்கே நிற்காதீர்கள். எந்தக் கிழமை தோதுப்படும் என்று எழுதுங்கள், பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் நானே பேசுகிறேன்.