வலிநிவாரணி மாத்திரை விவகாரத்தில் சிக்கிய ஐஸ் ஹாக்கி வீரரின் ஒப்பந்தத்தை அணி ரத்து செய்தது சரியா?

மைக் ரிச்சர்ட்ஸை 2015இல் லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணி வெளியேற்றியது நியாயமா, போதைப் பழக்கத்தை நோயாகப் பார்க்கும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல். அதை எப்படி அனுமதித்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமில்லை என்பதுதான் என் பதில். நான் டொராண்டோ பக்கம் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன், குளிர்காலம் முழுக்க ஹாக்கி பார்க்கிறேன். இந்த விஷயம் என்னை விட்டு அகலாததற்கு இரண்டுமே காரணம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2007 டிசம்பரில் பிலடெல்ஃபியா ஃபிளையர்ஸ் அணி ரிச்சர்ட்ஸுக்கு 12 ஆண்டுக்கு 69 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. 2011இல் அவர் கிங்ஸுக்குப் போனார். 2012இலும் 2014இலும் லீகின் சாம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியில் இருந்தார். அதற்கு முன்பே, 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில், கனடாவுக்காகத் தங்கமும் வாங்கியிருந்தார். அப்புறம் ஆட்டம் சரிந்தது. 2014 கோடையில், அணி சம்பளத்துக்குச் செலவழிக்க லீக் வைத்திருக்கும் உச்சவரம்பில் சுமை ஏறாமல் அவரைக் கணக்குத் தீர்த்து அனுப்ப ஒரு சலுகை இருந்தது. மேலாளர் டீன் லோம்பார்டி அதைப் பயன்படுத்தவில்லை, இன்னொரு வாய்ப்பு தருகிறேன் என்றார். 2015 ஜனவரியில் ரிச்சர்ட்ஸ் கீழ்மட்ட லீகுக்கு அனுப்பப்பட்டார். ஜூனில் கனடாவின் மனிடோபா மாகாணத்து எமர்சன் எல்லைச் சாவடியில் அவரை நிறுத்தினார்கள். அதே மாதம் 29ஆம் தேதி, ஒப்பந்தத்தை அடிப்படையிலேயே மீறிவிட்டார் என்று சொல்லி கிங்ஸ் அதை ரத்து செய்தது. அடிமைப்படுத்தக்கூடிய கடும் வலிநிவாரணியான ஆக்ஸிகோடோனை வைத்திருந்ததாக கனடா போலீஸ் வழக்குப் பதிந்தது ஆகஸ்டில்தான்.

அதாவது, வழக்கே வருவதற்கு இரண்டு மாதம் முன்பு வேலை போய்விட்டது.

இப்போது பணக் கணக்கைப் பாருங்கள். அவருக்கு இன்னும் ஐந்து ஆண்டு, சுமார் 22 மில்லியன் டாலர் பாக்கி இருந்தது. வழக்கமான முறையில் அனுப்பினால் அதில் மூன்றில் இரண்டு பங்கைப் பத்து ஆண்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், கிட்டத்தட்ட 14.7 மில்லியன். அத்தனை ஆண்டும் அது சம்பள வரம்பிலும் உட்கார்ந்திருக்கும். ரத்து செல்லுபடியாகியிருந்தால் அதெல்லாம் மிச்சம். வீரர்கள் சங்கம் முறையீடு செய்தது. நடுவர் தீர்ப்பு வரும் வரை இரு தரப்பும் காத்திருக்கவில்லை, அக்டோபரில் சமரசம் ஆனது. செய்திகளில் வந்தபடி அவருக்கு 10.5 மில்லியன், 2032 வரை தவணை தவணையாக. உறுதியான காரணம் கையில் இருந்த அணி இவ்வளவு பணத்துக்கு ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

அதே அணியில் ஜாரெட் ஸ்டோல் என்ற வீரரை அதே ஆண்டு ஏப்ரலில் லாஸ் வேகஸில் போதைப்பொருள் வழக்கில் கைது செய்தார்கள். அவர் ஒப்பந்தத்தை யாரும் ரத்து செய்யவில்லை. சில வாரங்களில் அது தானாகவே முடிய இருந்தது. ரிச்சர்ட்ஸுக்கு மட்டும் ஐந்து ஆண்டு மிச்சம். எவ்வளவு யோசித்தாலும் எனக்கு இந்த வித்தியாசம்தான் கண்ணில் படுகிறது.

லீக் எப்படி அனுமதித்தது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்.எச்.எல்.லில் இரண்டு ஏற்பாடுகள் ஒன்றையொன்று பார்க்காமல் ஓடுகின்றன. ஒன்று, லீகும் சங்கமும் சேர்ந்து 1996இல் தொடங்கிய, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சைத் திட்டம். அதில் நான்கு கட்டங்கள். முதல் தடவை சிகிச்சைக்குப் போனால் முழுச் சம்பளம். மறுபடி சறுக்கினால் சிகிச்சை முடியும்வரை சம்பளமில்லாத இடைநீக்கம். மூன்றாவது தடவை குறைந்தது ஆறு மாதம், நான்காவது தடவை குறைந்தது ஓராண்டு வெளியே. கறாரான திட்டம்தான், ஆனால் விழுந்தவன் எழுந்து வர வழி வைத்திருக்கிறது. இன்னொன்று, ஒவ்வொரு வீரரும் கையெழுத்திடும் பொது ஒப்பந்தம். ஆடுகளத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒழுக்கத்தோடு நடக்க வேண்டும், அணியின் விதிகளுக்குக் கீழ்ப்படியாவிட்டாலோ ஒப்பந்தத்தை மீறினாலோ அணி ரத்து செய்யலாம் என்று அதில் இருக்கிறது. முதலாவது மருத்துவர்கள் கையில், இரண்டாவது மேலாளர் கையில். மாத்திரையால் வந்த சிக்கலுக்கு எதை எடுப்பது என்று முடிவு செய்பவர், அந்த வீரரின் சம்பளத்தைச் சுமக்கும் அதே மேலாளர்.

ரிச்சர்ட்ஸ் மாத்திரைக்கு அடிமை என்று நான் சொல்லவில்லை. ஒருவரிடம் ஆக்ஸிகோடோன் இருந்ததாகப் புகார் வந்தால் முதலில் அவரை மருத்துவர் பார்க்க வேண்டும், வக்கீல் பிறகு வரட்டும் என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் கடையில் ஆக்ஸிகோடோன் பூட்டிய அலமாரியில் இருக்கும். சீட்டு வந்தால் நீலத் தட்டில் கொட்டி ஐந்தைந்தாக ஒதுக்கி எண்ணுவேன். பிறகு இன்னொருவர் முதலிலிருந்து எண்ணுவார். இருவரும் கையெழுத்துப் போட்டு, மீதி எத்தனை என்று பதிவேட்டில் எழுதுவோம். ஒரு மாத்திரை குறைந்தாலும் அன்று வீட்டுக்குப் போக நேரமாகும். தோள் எலும்பு முறிந்த ஒரு பையன் பத்து நாள் மருந்தை ஆறாம் நாளே கேட்டு வந்து நின்றது நினைவிருக்கிறது. கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, உள்ளங்கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டே இருந்தான். திருடனாக எனக்குத் தெரியவில்லை, பயந்துபோயிருந்தான். இந்த மருந்தைத் தொடர்ந்து எடுத்தால் உடம்பு பழகிவிடும். பழைய அளவு பிடிக்காது, நிறுத்தினால் ஒரு நாளுக்குள் வியர்வையும் நடுக்கமும், பிறகு வயிற்றுப்போக்கும் வரும். இதற்கு மன உறுதி இல்லாதவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு டெரெக் பூகார்டை நினைத்துப் பாருங்கள். மினசோட்டா வைல்ட், பிறகு நியூயார்க் ரேஞ்சர்ஸ். சண்டை போடுவதற்காகவே அணியில் வைத்திருந்த வீரர். முதுகு, தோள், மூக்கு, கை என்று உடம்பு முழுக்கக் காயம். 2011 மே மாதம் மதுவும் ஆக்ஸிகோடோனும் சேர்ந்து உயிரை எடுத்தபோது வயது 28. சிகிச்சை மையத்துக்கும் போய் வந்தவர். ஒரே பருவத்தில் அணி மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் மற்றவர்களும் சேர்ந்து அவருக்கு 1,021 மாத்திரைகள் கொடுத்தார்கள் என்று குடும்பம் தொடுத்த வழக்கில் சொல்லப்பட்டது. வழக்கு 2017இல் தள்ளுபடியானது. அந்த எண்ணைப் படித்த அன்று எங்கள் பதிவேடுதான் என் கண்முன் வந்தது. ஆறு மாத்திரைக்கு நாங்கள் இரண்டு கையெழுத்துப் போடுகிறோம்.

போதை தராத மருந்துகளும் உண்டு. என்.எச்.எல். வீரர் ரயன் கெஸ்லர் டொராடால் என்ற வலிநிவாரணியைத் தொடர்ந்து எடுத்து விளையாடியதையும், அதன் பிறகு குடல் கெட்டு அவதிப்பட்டதையும் 2020இல் வெளிப்படையாகப் பேசினார். ஐந்து நாளுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சொல்லும் மருந்து அது. வலியோடு ஆடுவதைப் பெருமையாகக் கொண்டாடும் விளையாட்டில், ஆட்டக்காரனை இன்றிரவு களத்தில் இறக்க மாத்திரை வேண்டும். அந்த மாத்திரையால் அவன் கெட்டுப்போனால் மட்டும் அது அவனுடைய ஒழுக்கக் குறைவா?

கிங்ஸ் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. எல்லையில் சட்டச் சிக்கல், அணியிடம் சொல்லாமல் மறைத்தது, இதெல்லாம் நம்பிக்கைத் துரோகம் என்பார்கள். புரிகிறது. தண்டனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. இடைநீக்கம் செய்யலாம், சம்பளத்தை நிறுத்தலாம், சிகிச்சைத் திட்டத்திலேயே அதற்கெல்லாம் இடம் இருக்கிறது. கிங்ஸே சில மாதங்களில், போதைப் பழக்கத்தால் லீகிலிருந்து வாழ்நாள் தடை பெற்று மீண்ட முன்னாள் வீரர் பிரான்ட் மைஹ்ரஸை வீரர்களுக்கு உதவ வேலைக்கு எடுத்தது. நல்ல முடிவு. ஆனால் ரிச்சர்ட்ஸ் போன பிறகு.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு கொலராடோ அவலாஞ்ச் அணி வீரர் வலேரி நிச்சுஷ்கின் உதாரணம். 2024 ஜனவரியில் திட்டத்தில் சேர்ந்து திரும்பினார். மே மாதம், கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுகளின் நடுவில், மூன்றாம் கட்டத்தில் வைக்கப்பட்டு ஆறு மாதம் சம்பளமில்லாமல் வெளியே உட்கார்ந்தார். அணிக்குப் பெரிய அடி. ஆனாலும் ஒப்பந்தம் அப்படியே இருந்தது, நவம்பரில் மறுபடி களமிறங்கினார்.

என்னைக் கேட்டால் விதியில் இரண்டு வரி சேர்த்தால் போதும். போதைப்பொருளோ மருந்தோ சம்பந்தப்பட்ட எந்தச் சம்பவத்திலும், திட்டத்தின் மருத்துவர்கள் பார்த்து அறிக்கை தரும் வரை எந்த அணியும் ஒப்பந்தத்தைத் தொடக் கூடாது. அணி மருத்துவர், பல் மருத்துவர், பயிற்சி உதவியாளர் என்று யார் கொடுத்தாலும், ஒவ்வொரு மாத்திரையும் அணிக்கு வெளியே இருக்கும் ஒரே பதிவேட்டில் ஏற வேண்டும், அதை வீரர்கள் சங்கமும் பார்க்க முடிய வேண்டும்.

ரிச்சர்ட்ஸ் பிறகு என்ன ஆனார் என்றும் கேட்டிருந்தீர்கள். 2016 ஜனவரியில் வாஷிங்டன் கேபிடல்ஸ் அவரை எடுத்தது. அந்தப் பருவத்தில் 39 ஆட்டங்கள் ஆடினார். அதன் பிறகு என்.எச்.எல்.லில் ஆடவில்லை. அப்போது வயது 31.