மலையைப் பார்க்குமுன் குதிரையைப் பாருங்கள்

சுங்கை சிப்புட்டில் குதிரைப் பயணம் பற்றிப் பேச ஓர் ஆள் இருக்கிறான் என்று தெரிந்ததிலிருந்து, பசாரில் மீன் வாங்க நின்றால்கூட யாராவது கேள்வி கேட்கிறார்கள். நாலு பேருக்குப் பயன்படுகிற கேள்விகளை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லாரும் மலை எப்படி, ஏரி எப்படி, குளிர் எப்படி என்று கேட்கிறீர்கள், குதிரை எப்படி என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நாள் முழுக்க உங்களைச் சுமக்கப் போவது அதுதானே!

அண்ணே, மங்கோலியா புல்வெளியில ஒரு வாரம் குதிரையில போகணும்னு ரொம்ப நாள் ஆசை. இதுவரைக்கும் குதிரை மேல ஏறினதே இல்ல. நேரா அங்க போய்க் கத்துக்கலாமா?
(செம்பனை ஆலையில் வேலை செய்யும் தம்பி, லிந்தாங்)

போகலாம் தம்பி, ஆனால் எடுத்த எடுப்பில் ஒரு வாரம் வேண்டாம். முதலில் இங்கேயே குதிரை பழக்குகிற இடம் ஒன்றில் சேர்ந்து, நடக்க வைக்க, நிறுத்த, திருப்ப, டிராட் என்கிற குலுங்கல் ஓட்டத்தில் விழாமல் உட்கார, இந்த நாலையும் கற்றுக்கொண்டு கிளம்பு. பழகாத உடம்போடு போனால் இரண்டாம் நாள் காலையில் கூடாரத்திலிருந்து எழுந்து வருவதே பெரும்பாடாகிவிடும். திட்டத்தில் "ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர்" என்று சாதாரணமாகப் போட்டிருப்பார்கள். ஏறக்குறைய இங்கிருந்து ஈப்போ போகிற தூரம், அதுவும் நடை வேகத்தில், காலை அகட்டி உட்கார்ந்தபடி. யோசித்துப் பார்.

அங்குள்ள குதிரை பார்க்கச் சின்னதாக இருக்கும். குதிரையின் உயரத்தைக் கை கணக்கில் அளப்பார்கள், ஒரு கை என்பது 4 அங்குலம். மங்கோலியக் குதிரை 12லிருந்து 14 கை, அதாவது தோள் மேடு வரைக்கும் நாலரை அடியைத் தாண்டுவது அபூர்வம். சின்னதுதானே என்று ஏமாந்துவிடாதே. ஆண்டு முழுக்க வெட்டவெளியில் நிற்கிற குதிரை அது, மைனஸ் 30 டிகிரிக் குளிரிலும் பனியைக் குளம்பால் கிளறிப் புல் தின்று பிழைக்கும். மனிதக் கை பட்டுப் பட்டு வளர்ந்த பிராணி இல்லை. எப்போதும் இடது பக்கமாகவே கிட்டப் போக வேண்டும், இடது பக்கமாகவே ஏறி இறங்க வேண்டும். பின்னால் போய் நிற்கவே கூடாது, குதிரைக்குத் தன் வாலுக்கு நேர் பின்னால் இருப்பது தெரியாது.

அங்கே விழுகிறவர்கள் பல பேர் வேகத்தால் விழுவதில்லை, மழைக்கோட்டால் விழுகிறார்கள். நடுவழியில் தூறல் போடும். சேணத்தில் உட்கார்ந்தபடியே பையிலிருந்து பிளாஸ்டிக் கோட்டை எடுத்து, உதறி, ஒரு கையை நுழைத்து, இன்னொரு கையை நுழைக்கத் தேடும்போது கடிவாளத்தை விட்டிருப்பாய், துணி சரசரக்கும், குதிரையின் கண்ணோரத்தில் ஏதோ பெரிதாகப் படபடக்கும். அவ்வளவுதான், பாய்ந்துவிடும். மழை வந்தால் நிறுத்தச் சொல்லு, இறங்கு, கடிவாளத்தை வழிகாட்டி கையில் கொடு, அப்புறம் கோட்டைப் போடு. தொப்பிக்குத் தாடைக் கயிறு இருக்கட்டும், கைப்பேசி ஜிப் வைத்த பையில் இருக்கட்டும். நட என்பதற்கு அங்கே "ச்சூ" என்பார்கள். சும்மா ஆசைக்குச் சொல்லிப் பார்க்காதே, உண்மையிலேயே கிளம்பிவிடும்.

முதல் தடவைக்குத் தலைநகர் உலான்பாத்தாருக்குப் பக்கத்திலுள்ள கோர்கி தெரெல்ஜ் தேசியப் பூங்காவில் இரண்டு மூன்று நாள் போதும். ஜூனிலிருந்து செப்டம்பர் ஆரம்பம் வரை நல்ல காலம். ஜூலை 11 முதல் 13 வரை நாதாம் திருவிழா, குதிரைப் பந்தயம் பார்க்கலாம், ஆனால் அறை விலை எகிறிவிடும். நேரம் இருந்தால் ஹுஸ்தாய் தேசியப் பூங்காவுக்கும் போய்வா. தாக்கி என்கிற காட்டுக் குதிரை இனம் 1960களின் கடைசியில் காட்டில் அடியோடு இல்லாமல் போய், மிருகக்காட்சி சாலைகளில் மிச்சமிருந்தவற்றின் வம்சத்தை 1992லிருந்து மங்கோலியாவுக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அதில் ஏற முடியாது, தூரத்தில் நின்று பார்க்கலாம்.

சார், என் எடை 95 கிலோ. ஏற விடுவாங்களா? கேக்கவே கூச்சமா இருக்கு.
(லோரி ஓட்டுநர்)

கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை, கேட்காமல் போய் நிற்பதுதான் சங்கடம். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பலரும் பின்பற்றுகிற கணக்கு. 500 கிலோ குதிரை என்றால் 100 கிலோ, அதில் சேணத்துக்கு ஒரு 10 கிலோ போனால் உங்களுக்கு 90. மலை நாட்டுக் குட்டைக் குதிரை 300 கிலோதான் இருக்கும், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதனால் பெரிய குதிரை வைத்திருக்கிற இடமாகப் பாருங்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்பே எடையை எழுதி அனுப்பிப் பதில் வாங்குங்கள். ஐந்து கிலோ குறைத்து எழுதாதீர்கள், அதைச் சுமப்பது குதிரையின் முதுகு. எடையே கேட்காமல் "வாங்க வாங்க" என்று காசு வாங்குகிற இடம் என்றால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

ஊட்டி ஏரிக்கரையில் ரெண்டு தடவை குதிரை ஏறியிருக்கேன். படிவத்தில் "அனுபவம் உண்டு"ன்னு போடலாமா?

போடாதீர்கள். ஊட்டியில் ஓட்டியது குதிரைக்காரர், நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

தோட்டத்துல போடுற ரப்பர் பூட்ஸ், ஜீன்ஸ், மோட்டார் ஹெல்மெட் எல்லாம் வீட்டுலயே இருக்கு. புதுசா வாங்கணுமா?
(மூன்று பேர் ஏறக்குறைய இதையே கேட்டிருந்தார்கள்)

ஜீன்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன், கண்ணீர் வரவைப்பது அதுதான். ஜீன்ஸின் உள்பக்கத் தையல் தடித்த கயிறு போலத் தொடைக்கும் சேணத்துக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். டிராட் போகிற ஒவ்வொரு அடிக்கும் அது தோலைத் தேய்க்கும். சாயங்காலம் பார்த்தால் முழங்காலின் உள்பக்கம் சிவந்து தோல் உரிந்திருக்கும், வேர்வை பட்டால் பற்றி எரியும். உள்பக்கம் தையல் இல்லாத, இழுத்தால் நீள்கிற பேண்ட் போடுங்கள். அதற்கென்று விற்பதுதான் வேண்டும் என்றில்லை, ஜிம் டைட்ஸ்கூடப் போதும், மேலே ஒரு மெல்லிய காற்சட்டை. உராயும் இடத்தில் வாசலினைக் கிளம்புவதற்கு முன்பே தடவுங்கள். உரிந்த பிறகு எதைத் தடவி என்ன? பாதம் வைக்கிற வளையமான அங்கவடியின் நீளமும் சரியாக இருக்க வேண்டும். ஏறுமுன் விரல் நுனியைச் சேணத்தில் அங்கவடி வார் தொங்குகிற இடத்தில் வைத்துப் பாருங்கள், வாரும் அங்கவடியும் சேர்ந்து அக்குள் வரைக்கும் வந்தால் கிட்டத்தட்ட உங்கள் அளவு.

ரப்பர் பூட்ஸ் வேண்டவே வேண்டாம். சேற்றுக்காக அடியில் ஆழமான பல் வைத்திருப்பார்கள், அது அங்கவடியில் மாட்டிக்கொள்ளும். விழும்போது கால் கழன்று வந்தே ஆக வேண்டும், மாட்டினால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். அடிப்பாகம் வழவழப்பாக, குதிகால் ஓர் அங்குலம் உயர்ந்து, கணுக்காலை மூடுகிற தோல் பூட்ஸ் வாங்குங்கள். அந்தக் குதிகால்தான் பாதம் அங்கவடிக்குள் முழுதாக நழுவிப் போகாமல் தடுப்பது. பயணத்துக்கு முன் அதைப் போட்டுக்கொண்டு நாலு நாள் நடந்துவிடுங்கள்.

மோட்டார் ஹெல்மெட்டும் சரிவராது, கனம் கழுத்தை இழுக்கும், பக்கவாட்டுப் பார்வையையும் மறைக்கும். குதிரைச் சவாரிக்கான ஹெல்மெட் என்று தனியாக உண்டு, உள்ளே ஈஎன் 1384 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்1163 என்று தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். போகிற இடத்தில் தருவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள், உங்கள் தலை அளவுக்கு இல்லாமல் போகலாம். ஒரு தடவை அடி வாங்கிய ஹெல்மெட்டைத் திரும்பப் போடாதீர்கள். செலவு செய்ய ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதை வாங்குங்கள்.

ஐஸ்லாந்து போறோம். போன வருஷம் வாங்கின பூட்ஸ், தோல் கையுறை எல்லாம் எடுத்துட்டுப் போகலாம்தானே?
(கணவன் மனைவி, இப்போது ஷா ஆலமில்)

கையுறையை விட்டுவிட்டுப் போங்கள். குதிரையிடம் பயன்படுத்திய தோல் கையுறை, சேணம், கடிவாளம் எதையும் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். உடுப்பையும் பூட்ஸையும் அவர்கள் சொல்கிற முறையில் கழுவிக் கிருமி நீக்கியிருக்க வேண்டும். பல நூற்றாண்டாக வெளிக் குதிரைகளை உள்ளே விடாமல் தனித்து வளர்ந்த இனம் அது, வெளியூர் நோய் ஒன்று நுழைந்தால் தாங்காது. போட்டிக்காக வெளிநாடு போன ஐஸ்லாந்துக் குதிரைக்கே திரும்பி வர அனுமதி கிடையாது. அங்கேயே விற்றுவிட்டு ஆள் மட்டும் வீடு திரும்புவார்.

செலவு அதிகம்தான், ஆனால் புதிதாகக் கற்றவர்களுக்கு நான் தயங்காமல் சொல்கிற இடம் இது. தோல்ட் என்று ஒரு நடை அந்தக் குதிரைக்கு உண்டு, வேகமாகவே போகும், முதுகு குலுங்காது. டிராட்டில் எலும்பெல்லாம் கழன்ற மாதிரி இருந்ததே என்று நொந்தவர்கள்கூட அதில் சிரித்துக்கொண்டே போவார்கள். செப்டம்பரில் போனால், கோடை முழுக்க மலையில் மேய்ந்த ஆடுகளைக் குதிரையில் போய் ஓட்டி வந்து, பட்டியில் பிரித்து அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோவதைப் பார்க்கலாம்.

கிர்கிஸ்தான் சோங்குல் ஏரிக்கு அப்பாவையும் கூட்டிட்டுப் போலாமா? வயசு 63, பிரஷர் மாத்திரை சாப்பிடுறாரு. குதிரைதானே மலை ஏறப்போகுது, அவரு ஏறப்போறதில்லையே? அப்புறம் நாங்க மாடு சாப்பிட மாட்டோம்.

குதிரை ஏறினாலும் மூச்சு வாங்கப் போவது அப்பாதான், தங்கச்சி. ஏரியே 3,016 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வழியில் கணவாய் இன்னும் உயரம். நம் கேமரன் மலையில் பிரிஞ்சாங் உச்சி 2,000 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதனால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள், உயரத்தைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரையைப் பற்றி நான் சொல்லக் கூடாது. போவதென்றால் கீழே கோச்கோரில் ஓர் இரவாவது தங்கிவிட்டு ஏறுங்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை சேர்ந்து வந்தால் "காலையில் சரியாகிவிடும்" என்று படுக்கவிடாமல் வழிகாட்டியிடம் உடனே சொல்லுங்கள். கூடிக்கொண்டே போனால் கீழே இறங்கிவிடுவதுதான் மருந்து. ஜூலையிலும் ராத்திரி உறைந்துபோகிற குளிர் அடிக்கும்.

சாப்பாடு பெரும்பாலும் ஆட்டிறைச்சி, ரொட்டி, தேநீர், வெண்ணெய், ஜாம். மாடும் குதிரை இறைச்சியும் அங்கே வழக்கமான உணவு, அதனால் ஏற்பாடு செய்யும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கூடாரத்தில் போய்ச் சொன்னால் அவர்களால் என்ன செய்ய முடியும்? சம்பால் நெத்திலி ஒரு போத்தல் எடுத்துப் போங்கள். குதிரைப் பாலைப் புளிக்க வைத்த குமிஸ் நீட்டுவார்கள், புளிப்பு, கொஞ்சம் போதையும் உண்டு. ஒரு வாய் வைத்துவிட்டு நன்றி சொன்னால் போதும்.

பிள்ளைங்க ரெண்டு பேரு, மாமியாரு, பட்ஜெட் கம்மி. பக்கத்துல ஏதாச்சும்?
(அக்கா, தாமான் வீட்டிலிருந்து)

புரோமோ எரிமலை போங்கள் அக்கா, கிழக்கு ஜாவா. சுராபாயா வரை விமானம். சாம்பல் மணல்வெளியைக் கடந்து எரிமலைப் படிக்கட்டு அடிவாரம் வரைக்கும் குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போவார், பிள்ளைகளுக்குப் பயமிருக்காது. இதைச் சவாரி என்று நான் சொல்ல மாட்டேன், படம் எடுக்கலாம், வாசனை பிடிக்கலாம். ஏறுவதற்கு முன்பே போக வர இரண்டுக்கும் சேர்த்து விலை பேசிவிடுங்கள், தூசிக்கு முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றிக்கொள்ளுமுன் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சேணத்துக்கு அடியில் புண், விலா எலும்பு துருத்தல், நொண்டல், இதில் எது தெரிந்தாலும் வேறு குதிரை கேளுங்கள், தயங்காதீர்கள். மாமியாருக்கு இன்னொரு செய்தி: அந்த மலை மக்களான தெங்கர்கள் இந்துக்கள். மணல்வெளியிலேயே கோயில் இருக்கிறது, எரிமலை விளிம்பில் பிள்ளையார் இருக்கிறார்.

பயணக் காப்புறுதி எடுத்தா போதும்தானே?

எடுத்தால் போதாது, படிக்க வேண்டும். குதிரைச் சவாரியை விலக்கி வைத்த பத்திரங்கள் நிறைய. எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், மலையிலிருந்து தூக்கிவரும் செலவு சேர்ந்திருக்கிறதா, இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எல்லாத்துக்கும் வெளிநாடுதானா? நம்ம நாட்டுல ஒண்ணுமே இல்லையா?
(ஓய்வுபெற்ற தோட்டப் பள்ளி ஆசிரியர்)

இருக்கிறது ஐயா. 2008ல் உலக நெடுந்தூரக் குதிரைச் சவாரிப் போட்டி நம் திரெங்கானுவில்தான் நடந்தது, 160 கிலோமீட்டர் ஓட்டம். ஆனால் இயற்கை அழகுக்கு நான் கைகாட்டுவது சபாவின் கோத்தா பெலுட். பின்னால் கினபாலு மலை, முன்னால் வயல், தலைமுறை தலைமுறையாகக் குதிரை ஏறுகிற பஜாவ் மக்கள். விழா நாளில் குதிரைக்கும் ஆளுக்கும் ஒரே மாதிரி அலங்காரம் போட்டுக்கொண்டு அணிவகுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே தாமு என்கிற வாரச் சந்தை கூடும். கோத்தா கினபாலுவிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், விடியற்காலையிலேயே கிளம்புங்கள், வெயில் ஏறினால் சந்தை கலைய ஆரம்பித்துவிடும்.